பஞ்சாலை முதல் அடுக்களை வரை

பம்பாய் நகரில் பரேல், லால்பாக் பகுதிகளில் குடியிருக்கும் தமிழன்பர்கள், அங்கே ஓங்கி நிற்கும் பழைய ஆலைப் புகைபோக்கிகளைக் கண்டிருப்பார்கள். அவற்றில் இன்று புகை இல்லை. ஆலைகள் இருந்த இடங்களில் அங்காடிகளும் அலுவலகங்களும் எழுந்துவிட்டன. ஆயினும் அந்தப் புகைபோக்கிகளின் நிழலில்தான் நம் நாட்டின் முக்கியமான வரலாறு ஒன்று தொடங்கியது. எந்த வயதுவரை ஒருவர் குழந்தை, எந்த வயதுவரை அக்குழந்தையை வேலைக்கு வைக்கலாகாது என்ற வினாவை நம் நாட்டுத் தொழிற் சட்டம் முதன்முதலாகக் கேட்டது அந்த ஆலைகளை நோக்கித்தான்.

1881-ஆம் ஆண்டில் அவ்வினாவுக்குக் கிடைத்த விடை, ஏழு வயது. எல்லாத் தொழில்களுக்கும் பொதுவாகப் பதினான்கு வயது என்ற விடை வந்தது 2016-ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலம் 135 ஆண்டுகள். ஏழுக்கும் பதினான்குக்கும் நடுவில் ஏன் இத்தனை காலம் கழிந்தது என்பதை ஆராய்ந்தால், குழந்தையின் உரிமை எவ்வாறு பிறக்கிறது என்பது ஒருவாறு விளங்கும்.

பம்பாயின் முதல் பஞ்சாலையைக் காவஸ்ஜி தாவர் என்ற பார்சி வணிகர் 1854-இல் நிறுவினார். இருபது ஆண்டுகளுக்குள் நகரெங்கும் ஆலைகள் பெருகின. மின்விளக்கு வராத காலம் அது. சூரியன் உதித்தால் வேலை தொடங்கும், மறைந்தால் முடியும். நூல் நிறைந்த கட்டைகளை எடுத்துவிட்டு வெற்றுக் கட்டைகளை மாட்டும் வேலைக்குச் சிறுவரின் மெல்லிய விரல்களே ஏற்றவை என்று ஆலைக்காரர்கள் கருதினார்கள். தாயும் தந்தையும் வேலை செய்த அதே கூடத்தில் பிள்ளைகளும் நின்று வேலை செய்தார்கள். அதில் தவறு இருப்பதாகப் பெரும்பாலோர் எண்ணவில்லை.

இதைப் பற்றி முதலில் கூக்குரல் எழுந்த இடம் நம் நாடன்று, இங்கிலாந்தின் லங்காஷயர். பம்பாய்த் துணி மலிவாக விற்பதைக் கண்டு அஞ்சிய அவ்வூர் ஆலை முதலாளிகள், இந்திய ஆலைகளுக்கும் சட்டக் கட்டுப்பாடு வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அவர்களோடு உண்மையான இரக்கமுடைய சீர்திருத்தக்காரர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். 1875-இல் பம்பாயில் ஒரு விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. சட்டம் தேவையில்லை என்பதே உறுப்பினர் பெரும்பாலோரின் முடிவாக இருந்தது. நம்மவரின் பத்திரிகைகள் பலவும், இது நம் தொழிலை நசுக்க லங்காஷயர் செய்யும் சூழ்ச்சி என்று எழுதின. சூழ்ச்சி என்பதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் கூடத்தில் நின்ற ஏழு வயதுப் பிள்ளையின் களைப்பும் உண்மைதானே! அதை உணர்ந்த இந்தியர் சிலருள் சோராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி ஒருவர். தாமே ஒரு மசோதாவை எழுதி முன்வைத்து, தம் நகரத்துச் செல்வர் பலரின் மனத்தாங்கலையும் ஏற்றுக்கொண்டார்.

இறுதியில் 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஏழு வயது நிரம்பாத குழந்தையை வேலைக்கு வைக்கலாகாது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் உழைக்கலாகாது. மாதத்தில் நான்கு நாள் விடுமுறை தரவேண்டும். இவையே அதன் முக்கியமான விதிகள். நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும், இயந்திர சக்தி கொண்ட ஆலைகளுக்கே இச்சட்டம் பொருந்தும். தொண்ணூற்றொன்பது பேர் வேலை செய்யும் ஆலையில் ஐந்து வயதுக் குழந்தை நின்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது தெரியாது.

இங்கே மற்றோர் இடரும் குறுக்கிட்டது. ஏழு வயது என்பதை எப்படி அறிவது? பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் பரவாத நாடு நம் நாடு. பெரிய வெள்ளம் வந்த ஆண்டில் பிறந்தவன், பஞ்சத்துக்கு மறு ஆண்டில் பிறந்தவள் என்று கணக்கு வைத்தவர்கள் நம் பாட்டிமார்கள். ஆகவே மருத்துவர் உடல் வளர்ச்சியையும் பற்களையும் பார்த்து வயதை ஊகித்தார். நல்ல உணவு கிடைக்காமல் வளர்ச்சி குன்றிய பிள்ளையும், வயதுக்கு மீறி வளர்ந்த பிள்ளையும் அந்தக் கணக்கில் இடம் மாறினார்கள். குழந்தைக்கு உரிமை வழங்குமுன் குழந்தையை எண்ண வேண்டும், அதன் வயதை அறிய வேண்டும் என்ற பாடத்தைச் சட்டம் அன்றே கற்கத் தொடங்கியது.

அதன்பின் வயது படிப்படியாக உயர்ந்தது. 1891-இல் ஒன்பது, வேலை நேரம் ஏழு மணி, சட்டம் ஐம்பது பேர் உள்ள ஆலைவரை இறங்கி வந்தது. 1911-இல் நெசவாலைச் சிறுவரின் வேலை நேரம் ஆறு மணியாயிற்று. 1919-இல் வாஷிங்டன் நகரில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு உலகுக்குப் பதினான்கு வயது என்று வரையறுத்துவிட்டு, இந்தியாவுக்குப் பன்னிரண்டு போதும் என்று சலுகை கொடுத்தது. அந்தப் பன்னிரண்டும் 1922-இல்தான் சட்டமாயிற்று.

1926-இல் ஒரு சிறு திருத்தம் வந்தது. ஒரே நாளில் இரண்டு ஆலைகளில் தம் பிள்ளையை வேலை செய்யவிடும் பெற்றோருக்குத் தண்டனை உண்டு என்றது அது. சட்டப் புத்தகத்தில் அரைப் பக்கமும் நிரப்பாத அந்த விதியின் பின்னால் எத்தனை குடும்பங்களின் நிலை மறைந்திருக்கிறது! காலையில் ஓர் ஆலையில் ஆறு மணி நேரம், பிற்பகலில் மற்றோர் ஆலையில் ஆறு மணி நேரம். சட்டம் நேரத்தைக் குறைத்தது. வறுமை அந்த நேரத்தை வேறு வாசல் வழியாக மீண்டும் விற்றது.

பள்ளியைத் திறக்காமல் ஆலையை மட்டும் மூடினால் பிள்ளை எங்கே போகும்? இதை முன்னரே உணர்ந்தவர் கோபால கிருஷ்ண கோகலே. தொடக்கக் கல்வியைப் படிப்படியாகக் கட்டாயமாக்கும் மசோதாவை 1911-இல் அவர் சட்டசபையில் கொண்டுவந்தார். 1912 மார்ச்சு மாதத்தில் 13-க்கு எதிராக 38 வாக்குகளால் அது தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் நம் நாட்டவரும் இருந்தார்கள். அன்று அந்த மசோதா நிறைவேறியிருந்தால் நாம் இப்போது கூறும் வரலாறு பெரிதும் குறுகியிருக்கும்.

கோகலே 1915-இல் மறைந்தார். அவர் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த இருவர், பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் இவ்வரலாற்றின் திருப்புமுனையில் நின்றார்கள். ஒருவர் பம்பாய்த் தொழிலாளருக்காக உழைத்த என். எம். ஜோஷி. மற்றவர் வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக விளங்கிய மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார். 1929-இல் அமைக்கப்பட்ட தொழிலாளர் பற்றிய இராயல் கமிஷனில் இவ்விருவரும் உறுப்பினர்கள். தலைவர் விட்லி என்ற ஆங்கிலேயர். இவர் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் சபாநாயகராக இருந்தவர். 1930-இல் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் தலைவராகவும் ஆனவர். வானொலியோடு தொடர்புடையவர் என்பதால் நம் நேயர்கள் இவரை நினைவில் கொள்ளலாம்.

இக்கமிஷன் பெரிய ஆலைகளோடு நின்றுவிடவில்லை. சட்டம் எட்டாத சிறு பட்டறைகளின் நிலையையும் விசாரித்தது. அங்கே தெரிய வந்தவை உறுப்பினர்களைக் கலங்கச் செய்தன. பீடி சுற்றும் இடங்களில் ஐந்து வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். உணவுக்கு உரிய இடைவேளை இல்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் இல்லை. பத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைத்த மிகச் சிறியவர்களுக்குக் கிடைத்த கூலி இரண்டணா அளவில் இருந்தது. அடியும் தண்டனையும் உண்டு என்று நம்ப இடமிருப்பதாகவும் அறிக்கை கூறியது.

அமிர்தசரசின் கம்பளக் கூடங்களில் வேறொரு கொடுமை வெளிப்பட்டது. பெற்றோர் முன்பணமாகக் கடன் வாங்குவார்கள். கடன் தீரும்வரை பிள்ளை நெசவு மேஸ்திரியின் வசம் இருக்கும். இதற்குப் பத்திரம் எழுதும் வழக்கம் இருந்தது. தாம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தம் பேரன்மார் இருவரையும் கம்பளம் நெய்ய ஒப்படைப்பதாகவும், ஒப்பந்தத்தை மீறினால் பணம் முழுவதையும் திருப்பித் தருவதாகவும் ஒரு பாட்டனார் எழுதிக் கொடுத்த பத்திரம் கமிஷனின் அறிக்கையில் இடம் பெற்றது. நிலத்தை அடகு வைப்பதற்கும் நகையை அடகு வைப்பதற்கும் எழுதும் அதே நடையில் ஒரு குழந்தையின் நாட்கள் எழுதப்பட்டிருந்தன.

அந்தக் காகிதம் செய்த வேலை பெரிது. ஏழைகளின் பிள்ளைகள் பாடுபடுகிறார்கள் என்பது எல்லாரும் அறிந்த செய்தி. எல்லாரும் அறிந்த செய்தி எவரையும் அசைப்பதில்லை. ஊர், தொழில், வயது, நேரம், கூலி, பத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி முன்வைத்தபோது அதை மறுக்க வழியில்லாமற் போயிற்று. 1931-இல் அறிக்கை வெளிவந்தது. 1933-இல், குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. பதினைந்து வயது நிரம்பாத பிள்ளையின் உழைப்பைக் கடனுக்கு ஈடாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது. எழுதிக் கொடுத்த பெற்றோருக்கு 50 ரூபாய் வரை, பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளிக்கு 200 ரூபாய் வரை அபராதம் என்று அது கூறியது. அபராதம் சிறிதே. எனினும் பிள்ளை பெற்றோரின் சொத்தன்று என்ற கொள்கை அதில் இருந்தது.

தொடர்ந்து 1938-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் மறு ஆண்டுத் திருத்தமும் பட்டறைகளுக்குள் நுழைந்தன. பீடி, கம்பளம், தீப்பெட்டி, வெடி, தோல் பதனிடுதல், அபிரகம் உரித்தல் முதலிய தொழில்களில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்க்கலாகாது என்றன. ஆனால் அங்கே ஒரு விலக்கு. கூலியாள் இல்லாமல் தம் குடும்பத்தாரின் துணையோடு மட்டும் நடத்தும் பட்டறைக்கு அந்தத் தடை இல்லை. இந்த ஒரு வரியின் வழியே சட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் எண்ணிலர். சோதனைக்கு அதிகாரி வந்தால் பட்டறைப் பிள்ளைகள் யாவரும் ஒரே குடும்பமாகிவிடுவார்கள்!

சுதந்திரத்துக்குப் பின் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆலைகளுக்குப் பதினான்கு வயதை விதித்தது. 1950-இல் அரசியல் சட்டத்தின் 24-ஆம் ஷரத்து, பதினான்கு வயதுக்கு உட்பட்டவரைத் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ அபாயமான வேலையிலோ வைக்கலாகாது என்றது. பத்தாண்டுக்குள் அந்த வயதுவரை எல்லாருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயலவேண்டும் என்று 45-ஆம் ஷரத்து கூறியது. கோகலேயின் கனவு இப்படி வாசகமாயிற்று, நடைமுறையாகவில்லை. தமிழ்நாட்டில் 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, பசித்த பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்த பெருமுயற்சி. ஆயினும் அதே தமிழ்நாட்டில்தான் சிவகாசியும் இருந்தது.

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923-இல் தொடங்கியது. வானம் பார்த்த பூமிக்கு அது வாழ்வு கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டைகளில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பிள்ளைகளே போதும் என்றாயிற்று. விடியுமுன் கிராமங்களுக்கு வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். இருட்டிய பின் கொண்டுவந்து விடும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆராய்ச்சியாளர்களும் பத்திரிகையாளர்களும் அங்கே சென்று கண்டதை எழுதினார்கள். வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அபாயமான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும். அப்பிள்ளையின் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை தேடித் தர அரசு முயலவேண்டும். பிள்ளை பள்ளிக்குச் செல்லவேண்டும். தடையோடு மாற்று வழியையும் சேர்த்துக் கூறியது இத்தீர்ப்பின் சிறப்பு.

வறுமை நீங்காதவரை சிறுவர் உழைப்பை முற்றிலும் ஒழிப்பது கடினம் என்று 1979-இல் குருபாதசுவாமி குழு கருதியது. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் அக்கருத்தையொட்டி, அபாயமான வேலைகளில் தடை, மற்றவற்றில் ஒழுங்குமுறை என்று பிரித்தது. இந்தப் பிரிவினை சரிதானா என்று வினவியவர்களுள் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் பணியாற்றிய சாந்தா சின்ஹா குறிப்பிடத் தக்கவர். எம். வி. அறக்கட்டளையின் சார்பில் தொண்ணூறுகளில் ஊர் ஊராகச் சென்று, வேலையிலிருந்த பிள்ளைகளை முகாம்களில் சேர்த்து, அவர்கள் வயதுக்கேற்ற வகுப்புக்கு ஆயத்தம் செய்தார்கள். ஏழைப் பெற்றோர் பள்ளியை வெறுக்கவில்லை. வழி திறந்தால் அனுப்புகிறார்கள் என்று அங்கே தெளிந்தது. பள்ளியில் இல்லாத பிள்ளை யாவும் உழைக்கும் பிள்ளையே என்பது அவர்கள் கண்ட முடிவு. 2002-இல் கல்வியை அடிப்படை உரிமையாக்கும் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது; 2009-இல் அதற்குரிய சட்டம் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் அமலுக்கு வந்தது. 1912-இல் தோற்ற மசோதா வெற்றி பெற 98 ஆண்டுகள் ஆயின.

இதுவரை ஆலையையும் பட்டறையையும் பற்றிப் பேசினோம். இனி நம் வீட்டுக்கு வருவோம்.

தலைநகரில் அரசாங்கக் குடியிருப்பில் நாம் வளர்ந்த காலத்தில், எங்கள் வீட்டில் ஒரு சிறுமி இருந்தாள். ஊரிலிருந்து துணைக்கு அழைத்து வரப்பட்டவள். நமக்கு ஒத்த வயதினள் என்றே தோன்றுகிறது, எவரும் கேட்டதில்லை. காலையில் நமக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கட்டிக் கொடுத்து, வாசல்வரை வந்து நிற்பாள். நாம் பள்ளிக்குச் செல்வோம். அவள் உள்ளே செல்வாள். அவளை யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. வீட்டுப் பெண் போல வைத்திருக்கிறோம் என்று பெரியவர்கள் கூறுவார்கள். அது பொய்யுமன்று. ஆனால் வீட்டுப் பெண் பள்ளிக்குச் சென்றாள் அல்லவா!

1999-இல் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் ஒரு புது விதி சேர்ந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை எந்த அரசு ஊழியரும் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் பொருள். 2006 அக்டோபர் 10-ஆம் நாள் முதல் வீட்டு வேலை, உணவு விடுதி, சாலையோரக் கடை ஆகியவற்றிலும் அத்தடை நாடெங்கும் பரவியது. அந்த அறிவிப்பின் சாரத்தைத் தமிழாக்கும் வேலை நம் மேசைக்கு வந்தது. 'வீட்டு வேலையாள்' என்று எழுதியபோது நம் எழுதுகோல் சற்றே நின்றது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் வழங்கியதில்லை. 'ஒத்தாசைக்கு இருக்கிறாள்' என்றே கூறுவோம். சட்டத்தில் இருந்த சொல்லை வீட்டில் வழங்காமலிருந்ததால், சட்டம் நம்மைப் பற்றியது என்று நமக்குத் தோன்றவில்லை போலும்.

பீடிப் பட்டறைக்காரர் கூறியதும் இதுவே. கம்பளக் கூடத்தார் கூறியதும் இதுவே. எங்கள் குடும்பம், எங்கள் பிள்ளை போல. 135 ஆண்டுகளாகக் குழந்தை எங்கே மறைந்தது என்று பார்த்தால், பெரிய ஆலையில் சட்டம் நுழைந்தபோது சிறிய ஆலையில், சிறிய ஆலையில் நுழைந்தபோது பட்டறையில், பட்டறையில் நுழைந்தபோது வீட்டில். 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லாத் தொழில்களிலும் பதினான்கு வயது என்று வரையறுத்தது. ஆயினும் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு அதிலும் இருக்கிறது. அந்தப் பழைய ஒரு வரி புது உடையில் வந்திருக்கிறது என்று கவலைப்படுவோர் உண்டு. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து முதல் பதினான்கு வயதுக்குள் உழைத்தவர் 1.26 கோடி, 2011-இல் 1.01 கோடி. குறைந்திருப்பது மகிழ்ச்சியே. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையைக் கணக்கெடுப்பவர் எப்போதும் காண்பதில்லை. வாசலில் கதவைத் திறப்பவர் சொல்வதைத்தான் எழுதுகிறார்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஊரிலிருந்து துணைக்கு ஒரு பெண்ணை அழைத்து வருவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். பாஷை தெரியாத ஊரில் அவளுக்கு நம் வீட்டைத் தவிர வேறு உலகம் இல்லை. யாரிடம் எதைச் சொல்லுவாள்? 1996-இல் பம்பாயில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியாகத் தொடங்கி நாடெங்கும் பரவிய 1098 என்ற தொலைபேசி எண், இடர்ப்படும் குழந்தைகளுக்காகவே ஏற்பட்டது. பக்கத்து வீட்டில் அப்படியொரு பிள்ளையைக் கண்டால் அதை அழைக்க நாம் தயங்க வேண்டியதில்லை.

விட்லி கமிஷன் ஐந்து வயதுப் பிள்ளையைக் கண்டது, அது தேடிச் சென்றதனால்தான். அதற்கு முன்னும் அப்பிள்ளை அங்கேதான் இருந்தது. நம் வீட்டு வாசலில் நின்ற சிறுமிக்கு அன்று என்ன வயது என்று கேட்க ஒரு கமிஷன் தேவைப்பட்டிருக்கவில்லை. நாம் கேட்டிருந்தாலே போதும். கேட்கவில்லை. இன்று அவளுக்கும் நம் வயதே இருக்கலாம். அவளுடைய பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்களா என்பதும் நமக்குத் தெரியாது.

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தேநீர் கொண்டுவந்து வைக்கும் சிறு கை ஒன்றைக் கண்டால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: உனக்கு என்ன வயது? எந்த வகுப்பில் படிக்கிறாய்? குழந்தைகளின் உரிமைக்காக நம் நாட்டில் எழுதப்பட்ட சட்டங்கள் அனைத்தும் இந்த இரண்டு கேள்விகளிலிருந்தே பிறந்தவை.